காணா வழியில் எஞ்சிய இடம்

குளத்து நீரை நம்பி வயல் செய்யும் ஊர்களிலே, வாய்க்காலின் கடைமடையில் நிற்கும் உழவன் தலைமடையைக் காண்பதில்லை. இடையில் எத்தனை பேர் நீரைத் தத்தம் வயலுக்குத் திருப்பிக்கொண்டனர், எவ்விடத்தில் வாய்க்கால் தூர்ந்து ஒடுங்கிவிட்டது என்பவற்றை அவன் ஒவ்வொரு நாளும் நேரிற் சென்று பார்த்துக்கொண்டிருக்கவும் இயலாது. ஆயினும், தன் காலடியில் வந்து சேரும் நீரின் வேகத்தையும் அளவையும் கொண்டே வழியின் நிலைமையை அவன் ஒருவாறு ஊகித்துக்கொள்கின்றான்.

உலகின் கணினிகளையெல்லாம் பிணைத்து நிற்கும் பெரிய வலையமைப்பிலும் நிலைமை இதுவே. ஒரு நாட்டிலுள்ள கணினி ஆயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்புகின்றது. இடையிலே வழிப்படுத்திகள் எனப்படும் பொறிகள் பல நிற்கின்றன. அவை வெவ்வேறு நாட்டவருக்கும் நிறுவனத்தவருக்கும் உரியவை. அவ்வழியிலே அந்தக் கணத்தில் எவ்வளவு இடம் எஞ்சியிருக்கின்றது என்பதை அனுப்புவோனுக்கு எடுத்துச் சொல்வார் பொதுவாக ஒருவருமில்லை. அவன் தானே அறிந்துகொள்ளல் வேண்டும். எங்ஙனம் அறிவது? இக்கேள்விக்கு விடை தேடியவர்களின் முயற்சியே விஞ்ஞான வரலாற்றில் சுவை மிக்க ஓர் அத்தியாயமாக விளங்குகின்றது.

கணினித் துறையினர் இவ்விடத்தைப் ‘பட்டையகலம்’ என்பர். இச்சொல் வானொலித் துறையிலிருந்து இரவல் பெறப்பட்டது. வானொலி நிலையம் ஒவ்வொன்றுக்கும் அலைகளின் வரிசையில் ஒரு குறுகிய பட்டை ஒதுக்கப்படுகின்றது. ஆசிய நாடுகளில் மத்திய அலையில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே 9 கிலோஹேட்ஸ் இடைவெளி விடுவது வழக்கம். பட்டை அகன்றால் இசையின் நுட்பங்களும் கேட்கும். ஒடுங்கினால் பேச்சு மட்டுமே எஞ்சும். அகலம் எவ்வளவோ அவ்வளவே அதன் வழியாகச் செல்லும் செய்தி என்ற இக்கருத்தையே கணினித் துறையினர் எடுத்துக்கொண்டனர். ஆம், இல்லை என்னும் இரண்டில் ஒன்றைக் காட்டும் மிகச் சிறிய குறிக்குப் பிற்று என்று பெயர். ஒரு செக்கனில் எத்தனை பிற்றுக்கள் ஒரு வழியாகச் செல்லக்கூடும் என்பதே அவர்கள் கூறும் பட்டையகலம்.

இவ்வரலாற்றின் தொடக்கம் கடலடியில் உள்ளது. 1858 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 5 ஆம் திகதி, அயர்லாந்தின் வலென்சியாத் தீவையும் நியூபவுண்லாந்தையும் இணைத்து, அத்திலாந்திக்குச் சமுத்திரத்தின் அடியில் முதலாவது தந்தி வடம் இட்டு முடிக்கப்பட்டது. மக்கள் வாண வேடிக்கை நிகழ்த்திக் கொண்டாடினர். ஆனால் விக்ரோறியா மகாராணியார் அமெரிக்க சனாதிபதி புக்கானனுக்கு விடுத்த வாழ்த்துச் செய்தி, நூற்றுக்கும் சற்றுக் குறைந்த சொற்களையே கொண்டதாயினும், கடலைக் கடப்பதற்கு ஏறக்குறைய 16 மணித்தியாலம் பிடித்தது.

இவ்வாறு நிகழக்கூடும் என்பதைக் கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தொம்சன் முன்னரே கணித்திருந்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவர் அவரே. வடத்தின் நீளம் இருமடங்கானால் குறியின் தாமதம் நான்மடங்காகும் என்பது அவர் கண்ட விதி. கம்பனியின் மின்னியலாளராக விளங்கிய வைல்மன் வைற்ஹவுஸ் என்பவரோ அவ்விதியை ஏற்றுக்கொள்ளவில்லை. மருத்துவத் தொழிலிலிருந்து மின்னியலுக்கு வந்தவர் அவர். குறி மெல்லச் செல்கின்றதெனில் அதனை மேலும் வலிந்து தள்ளவேண்டும் என்பதே அவர் கருத்து. ஏறக்குறைய 2,000 உவோற்று அழுத்தத்தை வடத்திலே அவர் செலுத்தினார். தொம்சன் எதிர்வழியிற் சென்றார். கடுகளவு மின்னோட்டத்தையும் ஒளிப்புள்ளியின் அசைவாகக் காட்டவல்ல கண்ணாடிக் கல்வனோமானியை ஆக்கி, வந்து சேரும் மெல்லிய குறியைக் கூர்ந்து நோக்கினார். செய்கையிலேயே குறைபாடுகள் பல கொண்டிருந்த அவ்வடம் மிகையழுத்தத்தைத் தாங்கமாட்டாது, செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் பயனற்றுப்போயிற்று. 1866 ஆம் ஆண்டில் இடப்பட்ட வடமே நிலைத்து நின்றது. தொம்சனின் விதியைப் பின்பற்றித் தடித்த செப்புக் கம்பியால் அது அமைக்கப்பட்டிருந்தது.

வழி இடங்கொடுக்காதபோது வலிந்து தள்ளுவதா, அல்லது வழி சொல்வதைச் செவிமடுப்பதா என்ற இந்த வழக்கு, நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் வேறோர் உருவத்தில் மீண்டும் எழுந்தது. அதற்கிடையில் ஒரு வழியின் கொள்ளளவு யாது என்ற கேள்விக்கு முழுமையான விடை கிடைத்தது. அமெரிக்கத் தொலைபேசித் துறையைச் சேர்ந்த ஹரி நைக்குவிஸ்ற் 1924 ஆம் ஆண்டிலும், ரல்ப் ஹாட்லி 1928 ஆம் ஆண்டிலும் அதற்கு அடிகோலினர். 1948 ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த குளோட் ஷனன் தமது கணிதக் கொள்கையை வெளியிட்டார். பட்டையின் அகலமும், குறிக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமும் தெரிந்தால், அவ்வழியாகப் பிழையின்றிச் செலுத்தக்கூடிய செய்தியின் மேலெல்லையைச் சூத்திரமொன்றால் அறிந்துவிடலாம் என அவர் நிறுவினார்.

ஆயினும், கொள்ளளவு வேறு. எஞ்சிய இடம் வேறு. ஒரு பஸ் வண்டியில் 50 ஆசனங்கள் உண்டு என்பது அவ்வண்டியைச் செய்தவர் அறிந்த செய்தி. தரிப்பிடத்தில் காத்து நிற்பவருக்கு வேண்டியதோ, வந்துகொண்டிருக்கும் வண்டியிலே வெறிதாயுள்ள ஆசனம் எத்தனை என்பதேயாம். முன்னதைச் சூத்திரம் சொல்லும். பின்னது கணத்துக்குக் கணம் மாறுவது. பிறர் செய்கையைப் பொறுத்தது.

தொலைபேசி தனி ஆட்சி புரிந்த காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. அங்கே பேசுவோர் இருவருக்கும் இடையே ஒரு வழி முழுவதும் ஒதுக்கப்பட்டுவிடும். அவர்கள் மௌனமாயிருந்தாலும் அவ்வழி அவர்களுக்கே உரியது. இடமில்லையெனில் இணைப்பு மறுக்கப்படும். எத்தனை வழிகள் வைத்திருந்தால் எத்தனை பேர் ஏமாற்றமடைவர் என்பதை டென்மார்க்கு நாட்டின் கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் பணியாற்றிய அக்னர் ஏர்லாங் என்னும் கணிதர் 1917 ஆம் ஆண்டிலேயே சூத்திரமாக்கித் தந்தார்.

கணினிகளின் உரையாடலோ மனிதரின் உரையாடலைப் போன்றதன்று. ஒரு கணம் வெள்ளமெனப் பொழியும். அடுத்த பல கணங்கள் மௌனமாகிவிடும். இத்தகைய உரையாடலுக்கு வழி முழுவதையும் ஒதுக்குவது வீண். 1960களில் அமெரிக்காவிலே போல் பாரனும், இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்திலே டொனால்ட் டேவிசும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்தனர். செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பொதியிலும் சேருமிடத்தின் விலாசத்தைப் பொறித்து, எல்லோருடைய பொதிகளையும் ஒரே வழியிற் கலந்து செல்லவிடலாம் என்பதே அம்முடிவு. சந்தியிலே நெருக்கம் நேர்ந்தால் பொதிகள் வரிசையில் காத்து நிற்கும். வரிசையில் இடமில்லையெனின் வந்த பொதி கைவிடப்படும். பொதிக்குப் பெயர் சூட்டியவர் டேவிசே ஆவார்.

1969 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 29 ஆம் திகதி, கலிபோர்ணியாவிலே லொஸ் ஏஞ்சலிசிலிருந்த பல்கலைக்கழகக் கணினி ஒன்று, வடக்கேயிருந்த ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையக் கணினிக்கு இம்முறையில் முதற் செய்தியை அனுப்பியது. இரண்டு எழுத்துச் சென்றதும் எதிர்ப்புறக் கணினி செயலிழந்தது. பின்னர் அது சீர்செய்யப்பட்டது. ஆர்ப்பாநெற் எனப்பட்ட அவ்வலையமைப்பின் வழிகள் செக்கனுக்கு 50,000 பிற்றுக்களைக் கொண்டு செல்லவல்லவை. 1983 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அது புதியதோர் ஒழுங்குவிதிக்கு மாறியது. இணையம் இயங்குவதற்கு ஆதாரமாய் அமைந்தது அவ்விதியே.

அவ்விதியிலே ஒரு குறை இருந்தது. எத்தனை பொதிகளை ஒரே தடவையில் அனுப்பலாம் என்று அனுப்புவோன் கேட்பான். பெறுவோன் தன் வீட்டிலே எத்தனைக்கு இடமுண்டோ அத்தனைக்கும் அனுமதி கொடுப்பான். இருவரும் தத்தம் வீட்டை எண்ணினரேயன்றி, இடையிலுள்ள தெருவை எண்ணவில்லை. அனுப்பிய பொதிக்கு உரிய காலத்தில் ஏற்புச் செய்தி வாராதாயின், அதே பொதியை மீண்டும் அனுப்புவது விதி. பொதி தொலைந்துவிட்டது என்பது அனுமானம். உண்மையில் அது தொலையாமல் ஏதோவொரு சந்தியிலே வரிசையிற் காத்து நிற்கவுங் கூடும். அவ்வாறாயின், நெருக்கத்தால் தாமதம். தாமதத்தால் மறு பொதி. மறு பொதியால் மேலும் நெருக்கம் என்று அல்லல் சுழன்று பெருகும். ஜோன் நேகிள் என்னும் பொறியியலாளர் 1984 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலேயே இவ்வபாயத்தை எடுத்துக்கூறி எச்சரித்தார்.

எச்சரித்தது 1986 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் நிகழ்ந்தது. கலிபோர்ணியாவிலுள்ள லோரன்ஸ் பேக்லி ஆய்வுகூடத்துக்கும் அருகிலுள்ள பேக்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே உள்ள தூரம் 400 யார் மட்டுமே. அவற்றிடையே செக்கனுக்கு 32,000 பிற்றுக்களாக ஓடிய செய்தி, 40 பிற்றுக்களாக வீழ்ந்தது. எண்ணூறில் ஒரு பங்கு! இரண்டாயிரம் எழுத்துக்கள் கொண்ட ஒரு தாளை அரைச் செக்கனிற் சேர்த்த வழி, அதனைச் சேர்க்க ஏறக்குறைய ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டது. அத்தாளைக் கையிலெடுத்து நடந்த ஒருவர் அதற்கு முந்தியே சென்று சேர்ந்திருப்பார். கம்பி எதுவும் அறவில்லை. பொறி எதுவும் பழுதுறவில்லை. வழி நிறையப் பொதிகள் ஓடிக்கொண்டேயிருந்தன. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை முன்னரே அனுப்பப்பட்டவற்றின் மறுபடிகள். எல்லோரும் தள்ளினர், ஒருவரும் முன்னேறவில்லை.

அவ்வாய்வுகூடத்தில் பணியாற்றிய வான் ஜேக்கப்சன் என்பவரும், பல்கலைக்கழகத்தில் கணினி இயக்க முறையொன்றைப் பேணிவந்த மைக்கல் கரெல்ஸ் என்பவரும் இதற்குப் பரிகாரம் தேடினர். அவர்கள் கண்ட முடிவு 1988 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளியிடப்பட்டது. அதன் உயிர்நிலை இது: வழியிலிருந்து ஒரு பொதி வெளியேறிவிட்டது என்று அறிந்த பின்னரே மற்றொரு பொதியை வழிக்குள் விடவேண்டும். பொதி வெளியேறியதை எதனால் அறிவது? பெறுவோனிடமிருந்து திரும்பிவரும் ஏற்புச் செய்தியால் அறியலாம். அகன்ற தெருவிற் கூட்டமாக வந்த பொதிகள் ஒடுங்கிய சந்தியைக் கடக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாய் இடைவெளி பெறுகின்றன. அந்த இடைவெளி பின்னர் மாறுவதில்லை. ஏற்புச் செய்திகளும் அதே இடைவெளியுடன் திரும்பி வருகின்றன. ஆகவே, திரும்பிவரும் செய்திகளின் தாளத்துக்கேற்பப் புதிய பொதிகளை அனுப்பினால், கண்ணால் காணாத அச்சந்தியின் வேகத்துக்கேற்ப அனுப்பியதாகிவிடும்.

தொடக்கத்தில் ஒரு பொதி, பின் இரண்டு, பின் நான்கு எனப் பெருக்கிச் செல்லல். ஓரளவுக்குப் பின் ஒவ்வொன்றாய் மெல்லக் கூட்டிப் பார்த்தல். பொதி தொலைந்தது தெரிந்ததும், இடம் நிறைந்துவிட்டது எனக் கொண்டு அளவைச் சட்டெனப் பாதியாக்கிக்கொள்ளல் என்பனவே அவர்கள் வகுத்த நெறி. கூட்டுவதிற் பொறுமையும் குறைப்பதில் விரைவும் கொள்ளும் இந்நெறியைப் பலரும் கைக்கொண்டால், நாளடைவில் அனைவரும் ஏறக்குறையச் சமபங்கு பெறுவர் என்பதை டா மிங் சியூ, ராஜ் ஜெயின் என்னும் இருவர் 1989 ஆம் ஆண்டில் கணித வாயிலாக மெய்ப்பித்தனர். இதிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. இந்நெறியை நிலைநாட்டப் புதிய அதிகாரி எவரும் வழிகளிலே நிறுத்தப்படவில்லை. அனுப்புவோர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே அடக்கிக்கொண்டனர். வலையமைப்பு பிழைத்தது.

ஆனால், பொதி தொலையும்வரை கூட்டிப் பார்ப்பது, நீரின் ஆழத்தை முழுகிப் பார்த்து அறிவதை ஒக்கும். முழுகாமலே அறிய வழியில்லையா? 1983 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் ‘பிங்’ என்ற சிறு கருவிநிரல் ஒன்றை எழுதியிருந்தார். நீர்மூழ்கிக் கப்பல் ஒலியெழுப்பி எதிரொலி கேட்பதுபோல, ஒரு பொதியை அனுப்பி அது சென்று மீளும் காலத்தை அது அளந்தது. காலம் தெரிந்தது, அகலம் தெரியவில்லை. ஒரு குரலின் எதிரொலி தூரத்தையே சொல்லும்.

இரு குரல் எழுப்பினால் என்னாகும் என்று எண்ணியவர் சிறினிவாசன் கேஷவ். பேக்லியில் ஆய்வு மாணவராயிருந்த அவர், 1991 ஆம் ஆண்டில் பொதியிணை என்னும் முறையை வெளியிட்டார். இரு பொதிகளை இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாக அனுப்ப வேண்டும். மிக ஒடுங்கிய சந்தியிலே முதற் பொதி கடந்து முடியும்வரை இரண்டாம் பொதி காத்து நிற்கும். அந்தக் காத்திருப்பே இடைவெளியாகி மறுகரையில் வெளிப்படும். பொதி ஒன்றின் அளவு 12,000 பிற்று என்றும், மறுகரையிற் காணப்பட்ட இடைவெளி 1.2 மில்லிசெக்கன் என்றும் வைத்துக்கொள்வோமாயின், முன்னதைப் பின்னதால் வகுக்க, ஒடுங்கிய சந்தியின் வேகம் செக்கனுக்கு ஒரு கோடி பிற்று என்பது பெறப்படும். ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள குறுகிய சந்தியை இரண்டே பொதிகளால் அளந்துவிடும் இவ்வெண்ணத்தின் எளிமை வியக்கத்தக்கது.

எனினும், இந்த அளவை பிழைபடவுங் கூடும். இரு பொதிகளுக்கும் இடையே பிறர் பொதியொன்று புகுந்தால் இடைவெளி விரியும். ஒடுங்கிய சந்தியைக் கடந்தபின் முதற் பொதி வேறோரிடத்தில் தடைப்பட்டு நின்றால் இடைவெளி சுருங்கும். 1996 ஆம் ஆண்டில் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் காட்டர், மார்க் குறொவெல்லா ஆகியோர் இம்முறையைச் செம்மைப்படுத்திக் கொள்ளளவை அளக்க ஒரு கருவிநிரலையும், எஞ்சிய இடத்தை அளக்க மற்றொன்றையும் ஆக்கினர். இரண்டுக்குப் பதிலாகப் பல பொதிகளைத் தொடராக அனுப்பி, அத்தொடர் எவ்வளவு விரிந்து வருகின்றது என்று பார்ப்பதே பின்னதன் முறை. பிறர் போக்குவரத்து மிகுந்தால் தொடர் மிகுதியும் விரியும். ஆகவே விரிவு எஞ்சிய இடத்தைக் காட்டும் என அவர்கள் கருதினர்.

ஐந்தாண்டு கழித்து, 2001 ஆம் ஆண்டில், கொன்ஸ்தந்தீனோஸ் டொவ்றோலிஸ், பரமேஸ்வரன் இராமநாதன், டேவிட் மூர் ஆகிய மூவர் அக்கருத்தைத் துருவி ஆராய்ந்தனர். பொதித் தொடரின் விரிவு காட்டுவது எஞ்சிய இடத்தையன்று என்று அவர்கள் நிறுவினர். அனுப்புவோன் தன் தொடரையே வேகமாகத் தள்ளும்போது பிறரை ஓரளவு ஒதுக்கித் தனக்கு இடம் பிடித்துக்கொள்கின்றான். ஆகவே கருவி காட்டிய எண், உண்மையில் வெறிதாயிருந்த இடத்தைவிடப் பெரிது. முழுக் கொள்ளளவைவிடச் சிறிது. இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவதொன்று. நெரிசலுக்குள் முட்டி மோதிப் புகுந்தவன், தான் புகுந்ததைக் கொண்டு அங்கே இடமிருந்தது என்று சாதிக்க முடியாது.

இதனோடு மற்றொரு நுட்பமும் தெளிவாக்கப்பட்டது. மிக ஒடுங்கிய இடமும், மிக நெருக்கமான இடமும் ஒன்றாயிருக்கவேண்டியதில்லை. ஒரு வழியிலே இரு தெருக்கள் உள்ளன எனக் கொள்க. ஒன்று செக்கனுக்கு 10 கோடி பிற்றுக்களைக் கொள்வது. மற்றையது ஒரு கோடியை மட்டும் கொள்வது. அகன்ற தெருவிலே 9 கோடியே 70 இலட்சம் முன்னரே ஓடிக்கொண்டிருக்கின்றது. ஒடுங்கிய தெருவிலே 40 இலட்சம் ஓடுகின்றது. அகன்றதில் எஞ்சுவது 30 இலட்சம். ஒடுங்கியதில் எஞ்சுவது 60 இலட்சம். புதிதாய் வருபவனுக்குத் தடையாயிருப்பது பெரிய தெருவே! அகலத்தை அளந்தவன் ஒடுங்கிய தெருவைக் குறை கூறுவான். எஞ்சியதை அளந்தவனே உண்மையை அறிவான்.

அங்ஙனமாயின், எஞ்சிய இடத்தை உள்ளபடி அறிவது எப்படி? 2002 ஆம் ஆண்டில் மனிஷ் ஜெயின் என்பவரும் டொவ்றோலிசும் ஒரு விடை தந்தனர். ஒரே சீரான வேகத்திற் பொதிகளைத் தொடராக அனுப்பி, ஒவ்வொன்றும் வந்துசேர எடுக்கும் காலத்தை நோக்கவேண்டும். அனுப்பும் வேகம் எஞ்சிய இடத்துக்குள் அடங்குமாயின், பின்வரும் பொதி முன்வந்ததைவிடத் தாமதிப்பதில்லை. அதனை விஞ்சுமாயின், சந்தியிலே வரிசை நீளத் தொடங்கும். ஒவ்வொரு பொதியும் தனக்கு முந்தியதைவிடச் சற்றே பிந்தி வரும். தாமதம் ஏறிச்செல்கின்றதா என்பதே கேள்வி. ஏறினால் வேகத்தைக் குறைத்தும், ஏறாவிடின் கூட்டியும், நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியனைப்போல மெல்ல மெல்ல உண்மையை அணுகலாம். இரு முனைகளிலுமுள்ள கடிகாரங்கள் ஒத்திருக்கவேண்டும் என்பதுமில்லை. தாமதம் எவ்வளவு என்பதன்று, அது வளர்கின்றதா என்பதே வேண்டப்படுவது. ஒவ்வொரு தொடரும் மிகச் சிறிதாகையால், அளப்பவனின் பொதிகளாலேயே வழி அடைபட்டுப்போவதுமில்லை.

அக்கருவி விடையாகத் தந்தது ஓர் எண்ணன்று. இவ்வளவுக்கும் இவ்வளவுக்கும் இடையே என்ற இரு எல்லைகள். இதனைக் குறைபாடு என்று கருதலாகாது. எஞ்சிய இடம் கணந்தோறும் மாறுவதாகையால், ஒற்றை எண்ணாகச் சொல்வதே பொய்யாகிவிடும். வழியிலே நெருக்கம் கூடக்கூட இம்மாற்றமும் கூடுகின்றது என்பதையும் அவ்வாய்வு காட்டிற்று. இடம் தாராளமாயுள்ள காலத்தில் அளவை எளிது. அளவை மிகவும் தேவைப்படும் நெருக்கடியிலோ அது கடினமாகிவிடுகின்றது.

இதற்கிடையே வழிகளின் இயல்பும் மாறிவிட்டது. நினைவுப் பொறிகளின் விலை வீழ்ந்ததால், வழிப்படுத்திகளைச் செய்வோர் காத்திருக்கும் வரிசைக்கு மிகப் பெரிய மண்டபங்களை அமைத்துவிட்டனர். பொதி தொலைவது குறைந்தது. அது நன்மையே எனத் தோன்றும். ஆனால் பொதி தொலைவதையே எச்சரிக்கையாகக் கொண்டிருந்த 1988 ஆம் ஆண்டின் நெறி, எச்சரிக்கை கிடைக்காமையால் மேன்மேலும் அனுப்பிக்கொண்டேயிருந்தது. மண்டபம் நிறைந்தது, தாமதம் பெருகிற்று. அமெரிக்கப் பொறியியலாளர் ஜிம் கெற்றிஸ் 2010 ஆம் ஆண்டளவில் இக்கேட்டை ஊரறியச் செய்தார். இருமல் வாராதபடி மருந்து கொடுத்ததால் நோய் வளர்ந்தது தெரியாமற்போன கதையாக அது முடிந்தது.

2016 ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்தைச் சேர்ந்த ஐவர் மற்றொரு நெறியை வெளியிட்டனர். அவர்களுள் ஒருவர் வான் ஜேக்கப்சனே என்பது குறிப்பிடத்தக்கது. தாம் முன்பு அமைத்த நெறியின் குறையைத் தாமே திருத்த முன்வந்தார் அவர். பொதி தொலையும்வரை காத்திராமல், வழி எவ்வளவு வேகத்தில் பொதிகளைக் கொண்டு சேர்க்கின்றது, நெருக்கமில்லாத வேளையில் சென்று மீளும் காலம் எவ்வளவு என்ற இரண்டையும் இடையறாது மதிப்பிட்டு, அதற்கேற்ப அனுப்புவதே புதிய நெறி. இடைக்கிடை வேகத்தைக் காற்பங்கு கூட்டிப் பார்ப்பர். உடனே காற்பங்கு குறைத்து, தாம் உண்டாக்கிய வரிசையைக் கரையவிடுவர். 10 செக்கனுக்கு ஒரு தடவை ஒரு கணம் ஏறக்குறைய மௌனமாகி, வெறுமையான வழியின் உண்மைக் காலத்தைக் கேட்பர். இதுவும் குறையற்றதன்று. காத்திருக்குமிடம் சிறிதான வழிகளிலே பழைய நெறியைப் பின்பற்றுவோரின் பங்கை இது அபகரிக்கின்றது என்பதை 2017 ஆம் ஆண்டு முதலாக ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டினர். அதன்மீது திருத்தங்களும் தொடர்ந்தன.

இவையெல்லாம் விற்பன்னர்க்கு மட்டுமே உரிய செய்திகள் என்று எண்ணுதல் தவறு. கைத்தொலைபேசியிலே படம் பார்ப்போர், அப்படம் ஒரு வேளை மங்கிப் பின் தெளிவதைக் கண்டிருப்பர். செய்தியைப் பெறும் கருவி எஞ்சிய இடத்தை மதிப்பிட்டு, அதற்குள் அடங்கும் படத்தைக் கேட்டுப் பெறுவதன் விளைவு அது. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொள்ளை நோயினால் ஐரோப்பிய மக்கள் வீடுகளுள் அடைபட்டிருந்தபோது, வழிகள் நிறைந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேண்டுகோளை ஏற்று, நெட்பிளிக்ஸ் நிறுவனம் தன் படங்கள் ஓடும் அளவை 30 நாட்களுக்குக் குறைத்துக்கொண்டது. பாடசாலைகளும் மருத்துவமனைகளும் அதே வழிகளை நம்பியிருந்த காலம் அது.

1858 ஆம் ஆண்டிலே வைற்ஹவுஸ் வலிந்து தள்ளினார், தொம்சன் செவிமடுத்தார். 1986 ஆம் ஆண்டிலே கணினிகள் யாவும் வைற்ஹவுசின் வழியைப் பின்பற்றி வீழ்ந்தன. பின்னர் தொம்சனின் வழியைக் கற்று எழுந்தன. அன்றுதொட்டு அளவைகள் பல தோன்றின. பல பிழையெனக் காணப்பட்டன. பிழை கண்டவர்களும் திருத்தப்பட்டனர். ஆயினும் அவை எல்லாவற்றிற்கும் அடியிலே நின்ற அறிவு ஒன்றே. பொது வழியில் எஞ்சிய இடம் என்பது பிறர் விட்டுவைத்த இடம். அதனை அளப்பவன், தன்னையொழிந்த அனைவரையும் கணக்கில் எடுக்கின்றான். கடைமடையில் நிற்கும் உழவன் தன் காலடி நீரைக் கொண்டு தலைமடையின் நிலையை அறிகின்றான். அறிந்தபின், தன் வயலுக்குத் திறக்கும் வாயை அதற்கேற்ப அமைத்துக்கொள்கின்றான். வாய்க்கால் ஊருக்குப் பொதுவாய் நிலைத்திருப்பது அவனைப் போன்றோர் பலர் இருப்பதனாலேயாம்.